மேடையில் ஒரு பொய், தட்டில் ஒரு பேரிக்காய்

சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு மேல் எங்கள் நோர்ஹவ்னில் ஒரு பேரிக்காய்கூட வாங்க முடியாது. கடைகள் ஒரு மணிக்கே கதவைச் சாத்திவிடும், அப்புறம் திங்கட்கிழமை காலைதான். ஜட்லாந்துத் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் பிறந்த எவருக்கும் இது தெரியும். அன்றைக்கு எங்கள் ஊருக்கு வந்த தோர்கில்லுக்கும் தெரியும். அதனால்தான் தன் ஊரான ஹோல்ஸ்டெப்ரோவில் பஸ் ஏறும்போதே நல்ல பேரிக்காயாகப் பார்த்து ஒன்று வாங்கி, கைக்குட்டையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்தான்.

அந்தப் பேரிக்காய் மேல்தான் எங்கள் ஊர் மெரேத்தாவின் சைக்கிள் ஏறியது.

தப்பு யார் மேல்? அவளைக் கேட்டால், அவன் மேல்தான். கொட்டுகிற மழையில், ஆளைத் தூக்குகிற காற்றில், துறைமுகத் தெரு வளைவில் நடு ரோட்டில் குந்தி உட்கார்ந்து ஒருவன் பெட்டி சாமான்களைப் பொறுக்கிக்கொண்டிருப்பான் என்று யார் கண்டார்கள்? அவனைக் கேட்டால், காற்றின் மேல். பெட்டியின் கொக்கி தெறித்து, ஒரு சாவி இந்தப் பக்கம், ஒரு கரண்டி அந்தப் பக்கம், ஒரு தட்டு, ஒரு கடித உறை... பேரிக்காய் மட்டும் உருண்டு உருண்டு நேராக அவள் சக்கரத்தைத் தேடிப் போனதாம்.

மெரேத்தா பிரேக் போட்டு, ஒரு காலை ஊன்றி நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அந்த ஆள் நசுங்கின பேரிக்காயைக் கையில் ஏந்திக்கொண்டு நின்ற கோலம்... ஏதோ வளர்த்த பிராணியைப் பறிகொடுத்தவன் மாதிரி. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒரு பேரிக்காய்க்கா இந்த முகம்?"

"உங்களுக்கு என்ன, சிரிப்பீங்க. இது இல்லைன்னா இன்னிக்கு ராத்திரி நான் தொலைஞ்சேன்."

அப்போதுதான் அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் தலைத்துணியிலிருந்து வழிந்த மழை நெற்றி வழியாக இமையில் வந்து நின்று, அங்கிருந்து கன்னத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அந்த இமைகளுக்குக் கீழே இரண்டு கண்கள்... அவன் பார்த்துக்கொண்டே நின்றான். மழை என்கிற ஒன்று பெய்துகொண்டிருப்பதே அவனுக்கு மறந்து போயிற்று.

"என்ன? முகத்துல செதில் ஒட்டியிருக்கா?" என்று கேட்டு அவள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். மீன் ஏலக்கூடத்திலிருந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள். செதில் ஒட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

"இல்ல... உங்க இடது கண்ணு வலது கண்ணைவிடக் கொஞ்சம் பச்சை."

இதை எல்லாப் பெண்களிடமும் சொல்வீர்களா என்று அவள் வெடுக்கென்று கேட்டாள். அவன் காது சிவந்து போயிற்று. தான் ஹோல்ஸ்டெப்ரோவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதாகவும், நாள் முழுக்கக் கண்களைப் பார்ப்பதுதான் பிழைப்பு என்றும், கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அறுபது தாண்டியவர்கள் என்றும் தட்டுத்தடுமாறிச் சொன்னான். அந்தத் தடுமாற்றம் மெரேத்தாவுக்குப் பிடித்திருந்தது. வாய்வீச்சுக்காரர்களைத் துறைமுகத்தில் தினமும் பார்க்கிறவள் அவள்.

தன் வீட்டுத் தோட்டத்தில் ஒரு பேரிக்காய் மரம் இருக்கிறது, மழை விட்டதும் பறித்துத் தருகிறேன், அதுவரை ரூத் அக்காவின் காபிக் கடையில் உட்காரலாம் என்றாள். மழை ஐந்து நிமிஷத்தில் விட்டிருக்கலாம். விடவில்லை. ஒரு மணி நேரம் அடித்தது. அந்த மழைக்கு இரண்டு பேரும் இன்றைக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

இரண்டு காபி, இலவங்கப்பட்டை போட்ட சுருள் ரொட்டி ஒன்று. ரொட்டியை அவள்தான் சரிபாதியாகப் பிய்த்தாள். எடை பார்க்கிற கை, ஒரு பொடி கூடக் குறையாது என்றாள். ஒன்பது வருஷமாக ஏலக்கூடத்தில் அவள்தான் எடை போடுகிறவள். படகுகள் கொண்டுவருகிற ஒவ்வொரு பெட்டி மீனும் அவள் தராசில் ஏறித்தான் ஏலத்துக்குப் போகும். அவள் சொல்கிற கிலோவுக்கு இதுவரை ஒருத்தரும் மறுபேச்சுப் பேசியதில்லை. இதைச் சொல்லும்போது அவள் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்தது. அந்த நிமிர்வை அவன் கவனித்தான்.

அவன் கதை வேறு. மேற்குக் கரை மாயவித்தைக்காரர்கள் சங்கத்தில் சேர வேண்டும் என்பது அவனுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து ஆசை. சேர வேண்டுமானால் ஏதாவது ஒரு ஊர் மன்றத்தில், பொதுஜனங்கள் முன்னால் ஒரு வித்தை செய்து காட்டித் தேற வேண்டும். மூன்று வாய்ப்புத்தான். முதல் தடவை கை நடுங்கித் தட்டைப் போட்டு உடைத்தான். இரண்டாவது தடவை பேச வேண்டியது மறந்துபோய்த் திருதிருவென்று விழித்தான். இன்றைக்கு மூன்றாவது. அதனால் இந்த முறை பேச்சில் ஒரு எழுத்து விடாமல் மனப்பாடம் செய்து, கண்ணாடி முன்னால் இருநூறு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

"என்ன வித்தை?"

"முன்னாடியே எழுதி வெச்சிடுவேன். நீங்க மனசுல எதை நினைச்சு எடுக்கப் போறீங்களோ, அதை."

"ஓ... மனசைப் படிப்பீங்களாக்கும். சரி, இப்போ நான் என்ன நினைக்கிறேன்?"

அவன் அவளைப் பார்த்தான். அவள் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஜன்னல் கண்ணாடியில் மழை தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"இன்னொரு காபி வேணும்னு..."

"தப்பு," என்றாள் மெரேத்தா. அவள் நினைத்தது, இந்த மழை விட்டுவிடக் கூடாதே என்று. அதை எப்படிச் சொல்வாள்? மழை விட்டது. தோட்டத்து மரத்தில் எக்கி, இருப்பதில் அழகான பேரிக்காயைப் பறித்து, வேலிக்கு மேலே கை நீட்டி அவனிடம் கொடுத்தாள். விரல்கள் பட்டன. இரண்டு பேரும் தேவைக்கு மேல் ஒரு விநாடி தாமதித்தார்கள்... அந்த நேரம் பார்த்து மீனவர் ஏகில் தன் மரக்கட்டைச் செருப்பு சத்தத்தோடு தெருவில் போனார். பார்த்தார்.

*

அன்றைக்கு மன்றத்தில் நானும் இருந்தேன், மூன்றாவது வரிசையில். ஊரே இருந்தது. வழக்கம்போல் முதலில் எல்லோரும் எழுந்து பாடினோம், அப்புறம் சங்கத் தலைவர் ஹோல்கர் மேடையேறி, இந்த இளைஞரைச் சோதிக்கிறோம், தயவுசெய்து இரக்கம் காட்டாதீர்கள் என்றார். சிரித்தோம்.

தோர்கில் மேடைக்கு வந்தான். மேசையில் ஒரு சாவி, ஒரு கரண்டி, தட்டில் ஒரு பேரிக்காய். கையில், மூடி ஒட்டின கடித உறை ஒன்று. அவ்வளவுதான் சாமான். தெரிந்தவர் யாரும் துணைக்கு வரக் கூடாது என்பது சங்கத்தின் கண்டிப்பான விதி. அதனால் ஹோல்கர் ஒரு காகிதத்தைக் கசக்கிப் பந்தாக்கி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, தலைக்கு மேலாகப் பின்னால் வீசினார். யார் மடியில் விழுகிறதோ அவர் மேடைக்கு வர வேண்டும்.

மெரேத்தாவின் மடியில் விழுந்தது.

அவள் எழுந்து போனபோது முகத்தில் ஒரு குறும்புச் சிரிப்பு இருந்தது. பார்த்தீர்களா, இந்தக் காகிதப் பந்துக்குக் கூட நம்மைப் பிரிக்க மனசில்லை என்கிற மாதிரி. அவனும் அவளைப் பார்த்தான். அந்த நொடியில் ஹோல்கரிடம் திரும்பி, இவங்களை எனக்குத் தெரியும், வேறு ஆளைக் கூப்பிடுங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எத்தனை சுலபம்! ஆனால் பயத்தில் மூளை மரத்துப் போய்விட்டது. இருநூறு தடவை சொல்லிப் பழகின வாய் மட்டும் தன்பாட்டுக்குத் திறந்தது.

"வணக்கம். நாம இதுக்கு முன்னாடி சந்திச்சதே இல்ல... சரிதானே?"

மனதைப் படிக்கிற வித்தைக்காரர்கள் எல்லோரும் சொல்கிற வசனம்தான் இது. மேடைக்கு வருகிறவர் தலையாட்டுவார், சபை நம்பும். ஆனால் மெரேத்தாவுக்கு அது எப்படித் தெரியும்? அவள் சிரிப்பு அப்படியே நின்று போயிற்று. மூன்று மணி நேரத்துக்கு முன்னால் தன் கண்ணில் பச்சை கண்டுபிடித்தவன்... தன் கையிலிருந்து ரொட்டி வாங்கித் தின்றவன்... சந்தித்ததே இல்லையாம்.

சந்தித்திருக்கிறோமே என்று சொல்லியிருக்கலாம். அவன் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவள் கண் அவன் கைக்குப் போயிற்று. உறை அவன் விரல்களில் படபடத்துக்கொண்டிருந்தது. மூன்றாவது வாய்ப்பு. கடைசி வாய்ப்பு.

"இல்ல," என்றாள் மெரேத்தா, ஊர் முழுக்கக் கேட்கும்படி. "பார்த்ததே இல்ல."

அவள் பொய் சொல்லி நாங்கள் அதுவரை கேட்டதில்லை. அன்றைக்கும் அது பொய் என்று எங்களுக்குத் தெரியாது.

எதை வேண்டுமானாலும் எடுங்கள் என்றான். அவள் நேராகப் பேரிக்காயை எடுத்தாள். தன் மரத்துப் பேரிக்காய்... அதை மட்டும் அவனிடம் விட்டுவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவன் ஹோல்கரிடம் தட்டைத் தூக்கச் சொன்னான். தட்டுக்கு அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. "பேரிக்காயைத்தான் எடுப்பீர்கள்" என்று ஹோல்கர் உரக்கப் படித்தார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ஹோல்கர் சங்கத்தின் சின்னத்தை அவன் கோட்டில் குத்திவிட்டார்.

காபி பரிமாறத் தொடங்கும் முன்பே மெரேத்தா பின்கதவு வழியாக வெளியேறிவிட்டாள். அவன் ஓடிவந்து சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் அவளைப் பிடித்தான். அந்த வசனம் பழக்கதோஷம், வேணும்னு சொல்லலை என்று மூச்சு வாங்கச் சொன்னான்.

அவள் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தாள். "மன்னிக்கணும், நீங்க யாரு? நாம சந்திச்சதே இல்லையே."

போய்விட்டாள். பின்னால் இதைக் கேட்டபோது எனக்கு அவனை நினைத்துப் பாவமாகவும் இருந்தது, தலையில் ஒரு குட்டு வைக்கலாம் போலவும் இருந்தது.

*

திங்கட்கிழமை காலை ஏலக்கூடத்தில் ஏகில் வாயைத் திறந்தார். கெட்ட மனுஷர் இல்லை. வேடிக்கைக்குத்தான் ஆரம்பித்தார். அந்த வித்தைக்காரப் பையன் மனதையும் படிக்கவில்லை, மண்ணாங்கட்டியையும் படிக்கவில்லை, எல்லாம் செட்டப், சனிக்கிழமை மதியமே மெரேத்தா வேலிக்கு மேலே அவனுக்குப் பேரிக்காய் கொடுத்ததை என் கண்ணால் பார்த்தேன், ராத்திரி மேடையில் அதே பேரிக்காயை எடுத்துவிட்டு அவனைப் பார்த்ததே இல்லை என்கிறாள் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மெரேத்தாவுக்கு முகம் வெளுத்தது.

சிரிப்பு அடங்கினதும் யாரோ பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்கள். "ஊர் முன்னாடி அவ்வளவு நல்லா பொய் சொல்ல வருதுன்னா... நம்ம காட் மீன் எத்தனை கிலோன்னு யாரு கண்டா?"

வேடிக்கை அங்கேயே முடிந்தது. அடுத்து வந்த படகுக்காரர் தன் பெட்டியை இன்னொரு தடவை எடை போடச் சொன்னார். அதற்கடுத்தவரும். செவ்வாய்க்கிழமை எல்லோருமே இரண்டு தடவை கேட்டார்கள். கோபமாகக் கேட்டால் சண்டை போடலாம். எங்கள் ஊர்க்காரர்கள் மரியாதையாக, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்கள். அதுதான் அவளைக் குத்திக் கிழித்தது. ஒவ்வொரு தடவையும் தராசு முள் அதே எண்ணில்தான் வந்து நின்றது, ஆனால் நின்றதை யாரும் நம்பியதாகத் தெரியவில்லை.

புதன்கிழமை ஏலக்கூடத்துப் பொறுப்பாளர் லாரிட்ஸ் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். என்ன நடந்தது என்று சொல், நான் எல்லோரிடமும் எடுத்துச் சொல்கிறேன் என்றார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னவென்று சொல்வது? முன்பின் தெரியாத ஒருவனுக்காகப் பொய் சொன்னேன்... ஏன் சொன்னாய் என்பார்கள். அவன் கை நடுங்கிற்று என்றால்? அவன் கை நடுங்கினால் உனக்கென்ன என்பார்கள். உனக்கென்ன என்பதற்கு அவளிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதை நாற்பது மீனவர்களுக்கு நடுவில் சொல்வதைவிட நாக்கை அறுத்துக்கொள்ளலாம்.

"நான் சொன்னது பொய்தான். என் தராசு சொல்றது பொய்யில்ல. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

லாரிட்ஸ் பெருமூச்சு விட்டார். இரண்டு படகுகள் வேறு ஆள் எடை போட வேண்டும் என்று கேட்டுவிட்டன, சனிக்கிழமை வரை பார்ப்போம், அதற்குள் இது அடங்காவிட்டால் உன்னைப் பின்பக்கம் ஐஸ் அள்ளுகிற வேலைக்கு மாற்றுவதைத் தவிர எனக்கு வழியில்லை என்றார். அன்றைக்கு அவள் அழவில்லை. வீட்டுக்குப் போய்ப் பேரிக்காய் மரத்தை முறைத்தாள், அதோடு சரி.

இந்தப் புகைச்சல் ஹோல்கர் காதுக்கும் போயிற்று. அவர் தோர்கில்லுக்கு ஃபோன் போட்டு, ஏகில் கிளப்பினதையும் மெரேத்தாவின் தராசு படுகிற பாட்டையும் சொல்லி, அந்தப் பெண் உன் கையாளா என்று நேராகக் கேட்டார். இல்லவே இல்லை என்று அவன் நடந்ததையெல்லாம் சொன்னான். அப்படியென்றால் வாயை மூடிக்கொண்டிரு, பத்து நாளில் ஊர் மறந்துவிடும், வித்தையின் சூட்சுமத்தை மட்டும் யாரிடமும் அவிழ்த்துவிடாதே, அவிழ்த்தால் சின்னத்தைத் திருப்பித் தந்துவிட வேண்டியதுதான் என்றார்.

பத்து நாள். ஊர் மறந்துவிடும். அந்தப் பெண் மறப்பாளா என்று தோர்கில் கேட்டான். அது சங்கத்தின் பிரச்சினை இல்லை என்றார் ஹோல்கர்.

*

வியாழக்கிழமை காலை ஏழு மணிப் பஸ்ஸில் அவன் வந்து இறங்கினான். ஏலம் தொடங்குகிற நேரம். ஈரத் தரை, ஐஸ், பெட்டி பெட்டியாக மீன், நடுவில் ரப்பர் பூட்ஸும் மஞ்சள் மேலங்கியுமாக மெரேத்தா. அவனைப் பார்த்ததும் அவள் முதலில் திகைத்தாள், அப்புறம் கோபம் வந்தது.

"எதுக்கு வந்தீங்க? இருக்கிற மானம் போதாதா?"

அவன் இரண்டு காலி மீன்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்தான். அதன் மேல் ஒரு சாவி, ஒரு கரண்டி, தட்டில் ஒரு பேரிக்காய். கையில் உறை. ஆட்கள் கூடிவிட்டார்கள். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் இந்தத் தடவை அவன் அதை மறைக்கவில்லை.

"இதுல யாரு ஏகில்?" என்று கேட்டான்.

ஏகில் முன்னால் வந்தார். நீங்கள் என் கையாள் இல்லையே என்று தோர்கில் கேட்டதும் கூடம் சிரித்தது. மூன்றில் ஒன்றை எடுக்கச் சொன்னான். ஏகில் நெற்றியைச் சுருக்கி யோசித்து, கரண்டியை எடுத்தார். தோர்கில் உறையைத் திருப்பிக் காட்டினான். பின்பக்கத்தில் பெரிதாக எழுதியிருந்தது: கரண்டியைத்தான் எடுப்பீர்கள். முணுமுணுப்பு எழுந்தது. கரண்டியை வாங்கித் திரும்ப வைத்துவிட்டு, லாரிட்ஸை எடுக்கச் சொன்னான். லாரிட்ஸ் சாவியை எடுத்தார். உறையைக் கிழித்து உள்ளிருந்த காகிதத்தை நீட்டினான். சாவி.

ஒரே கூட்டத்துக்கு ஒரே வித்தையை இரண்டு தடவை காட்டக் கூடாது என்பது அந்தத் தொழிலில் முதல் பாடம். அவன் மூன்றாவது தடவை தட்டைத் தானே தூக்கிக் கவிழ்த்துக் காட்டினான். அடியில் பேரிக்காய்ச் சீட்டு.

அப்புறம் ஏகில் மெதுவாகக் கேட்டார். "அப்போ... எதை எடுத்தாலும் அது எங்கேயாவது எழுதித்தான் இருக்கும்?"

"ஆமா. எடுத்ததை மட்டும் காட்டுவேன். மத்த ரெண்டையும் நீங்க பார்க்க மாட்டீங்க. இதுக்கு மனசைப் படிக்க வேண்டியதில்ல, கையாளும் தேவையில்ல. அவங்க எதை எடுத்திருந்தாலும் நான் தேறியிருப்பேன்." அவன் தட்டைக் கீழே வைத்தான். "மழையில தற்செயலா அவங்களைப் பார்த்தேன். என் பேரிக்காய் நசுங்கிப் போச்சு, அவங்க வேற ஒண்ணு கொடுத்தாங்க. மேடையில பயத்துல நான்தான் ஒரு பொய்யை நீட்டினேன். நான் விழுந்துடக் கூடாதேன்னு அவங்க அதைத் தாங்கிப் பிடிச்சாங்க. அவங்களுக்கு அதுல ஒரு லாபமும் இல்ல. பொய் என்னுது. அதை அவங்க தராசுல ஏத்தாதீங்க."

கோட்டிலிருந்த சின்னத்தைக் கழற்றி, மற்ற சாமான்களோடு பெட்டியில் போட்டான். சூட்சுமத்தைச் சொன்னவனுக்குச் சங்கத்தில் இடமில்லை, இன்றைக்கே தபாலில் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று லாரிட்ஸிடம் மட்டும் சொன்னான். யாரிடமும் கைதட்டல் எதிர்பார்க்காமல் வெளியே நடந்தான். மெரேத்தாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவோம் என்று பயந்தானாம், பின்னால் சொன்னான்.

ஏகில் தலையைச் சொறிந்தார். அந்தப் பையன் அவ்வளவு மோசமில்லை என்றார். எங்கள் ஊரில் இதற்கு மேல் ஒருவரைப் புகழ்வதில்லை. அப்புறம் தன் காட் மீன் பெட்டியைத் தூக்கித் தராசில் வைத்தார். மெரேத்தா எடையைச் சொன்னாள். வழக்கம்போல் இரண்டாவது தடவைக்குக் கையைக் கொண்டுபோனாள்.

"ஒரு தடவை போதும், மெரேத்தா," என்றார் ஏகில், தரையைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்து.

நான்கு நாளாக அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது. மஞ்சள் மேலங்கிக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அடுத்த பெட்டிக்கு எண் சொன்னாள். அதற்கடுத்த பெட்டிக்கு லாரிட்ஸ் வந்து அவள் கையிலிருந்த பென்சிலை வாங்கிக்கொண்டார். ஹோல்ஸ்டெப்ரோ பஸ் ஒன்பது மணிக்கு என்று மட்டும் சொன்னார்.

*

பஸ் நிறுத்தத்தில் அவன் தனியாக நின்றுகொண்டிருந்தான். மறுபடியும் மழை. மேற்குக் கரையில் மழை எப்போது இல்லை? ரப்பர் பூட்ஸ் தபதபவென்று வருகிற சத்தம் கேட்டுத் திரும்பினான்.

அவள் வந்து எதிரில் நின்றாள். மேலங்கி முழுக்கச் செதில். மழை மறுபடியும் அதே வழியாக நெற்றியிலிருந்து இமைக்கு... அவன் தன் கண்களைக் கஷ்டப்பட்டு விலக்கினான்.

"கண்ணாடி முன்னாடி நின்னு இருநூறு தடவை அதைச் சொன்னீங்களா?" என்று கேட்டாள். "நாம சந்திச்சதே இல்லைன்னு? உங்களைப் பார்த்தே?"

"ஆமா."

"கொஞ்சம்கூட சிரிப்பு வரலையா?"

"அப்போ வரல." இப்போது வந்தது, கொஞ்சம்.

யார் உங்களை இங்கே வரச் சொன்னது, எத்தனை வருஷத்து ஆசையை மீன் பெட்டி மேல் வைத்து உடைத்துவிட்டீர்களே என்று அவள் சண்டை பிடித்தாள். அவன் நிதானமாகக் கேட்டுக்கொண்டான். அந்த வித்தை போனால் இன்னொன்று கற்றுக்கொள்ளலாம், சங்கம் இல்லாவிட்டால் கல்யாண வீடுகளில் காட்டலாம், உங்களை யாரும் சந்தேகமாகப் பார்ப்பதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை என்றான். அவள் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, அந்த நான்கு நாள் கதையைச் சொன்னாள். இரண்டு தடவை எடை போட்டதை... லாரிட்ஸின் அறையை... சொல்ல முடியாத அந்த ஒரே பதிலை மட்டும் விட்டுவிட்டாள். தெருமுனையில் பஸ் தெரிந்தது. அவள் நிறுத்தவில்லை. பஸ் வந்து நின்றது. டிரைவர் இரண்டு பேரையும் பார்த்தார், ஒரு தடவை ஹாரன் அடித்தார், தோள்களைக் குலுக்கிவிட்டுக் கதவை மூடிக்கொண்டு போய்விட்டார். தோர்கில் அதைக் கவனிக்கவே இல்லை.

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றான். "இத்தனை நாள் யார்கிட்ட எதைக் கேட்டாலும், அவங்க என்ன பதில் சொன்னாலும் சமாளிக்கிற மாதிரி மூணு சீட்டு எழுதி வெச்சுட்டுத்தான் கேட்டிருக்கேன். இப்போ என்கிட்ட ஒரு சீட்டும் இல்ல. நீங்க என்ன சொல்வீங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, மெரேத்தா. ரொட்டியைப் பிய்ச்சுக் கொடுத்தீங்களே, அப்போவே..."

மேலே பேச வரவில்லை. மனப்பாடம் செய்யாத பேச்சு அல்லவா.

மெரேத்தா அவன் நடுங்குகிற கையைப் பார்த்தாள். எடுத்துத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். அவள் கை ஐஸில் கிடந்து சில்லிட்டிருந்தது. நடுக்கம் நிற்கவில்லை. இப்போது இரண்டு பேருக்கும் சேர்ந்து நடுங்கியது.

"சனிக்கிழமை வீட்டுக்குப் போய் விடிய விடிய முழிச்சுக்கிட்டு இருந்தேன், தெரியுமா?" என்றாள். "பொய் சொல்லிட்டேனேன்னு இல்ல. நீ கேட்டியேன்னும் இல்ல. நான் சொன்ன அந்த வார்த்தை நிஜமாயிடுமோன்னுதான். நாம சந்திக்காமலே இருந்திருந்தா... அதை நினைச்சு நினைச்சு எழுந்து உட்கார்ந்தேன். ரெண்டு மணி நேரம் பார்த்த ஆளுக்காக. எனக்கே வெக்கமா இருந்துச்சு."

'நீ' என்று அவள் சொன்னதை அவன் கேட்டான். அவன் காது மறுபடியும் சிவந்தது. அவள் தலைத்துணியைச் சரிசெய்கிற சாக்கில் அவள் இமையில் நின்ற மழைத்துளியை விரலால் துடைத்துவிட்டான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்புறம்தான் அவனுக்கு ஞாபகம் வந்து, பதறிப்போய்த் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான்.

"ஐயோ, பஸ் போயிடுச்சா?"

"போயி ரொம்ப நேரமாச்சு."

"அடுத்தது எப்போ?"

"பன்னெண்டு மணிக்கு," என்றாள் மெரேத்தா. "தெரிஞ்சுதான் அவ்வளவு மெதுவா பேசினேன்."